சிங்கப்பூரில் விலங்கு, பறவை, பூச்சி பார்ப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈசூனில் குடியிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னும் வார இறுதியிலும் காடு, கால்வாய், அடுக்குமாடி புளோக்கைச் சுற்றியுள்ள புல்வெளி என்று அலைந்து உயிரினங்களைப் பார்ப்பது பல வருடப் பழக்கம். சொந்தக்காரர்களும் உடன் வேலை செய்பவர்களும் கோயிலில் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இவ்வளவு சின்ன ஊரில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

நீர்நாய், முதலை, இருவாச்சி, அழுங்கு (எறும்புதின்னி), காட்டுப்பன்றி, மலைப்பாம்பு, தேவாங்கு, சருகுமான் எல்லாம் இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டு புக்கித் தீமா பக்கத்துச் சிற்றோடைகளில் வாழ்கிறது. 1986-ல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 2021-ல் நீ சூன் சதுப்புக் காட்டிலிருந்து ஒரு புது மின்மினி இனத்தை அறிவித்தார்கள். அதற்கு லூசியோலா சிங்கப்பூரா என்று இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஈசூனில் என் வீட்டிலிருந்து அந்தக் காடு ரொம்பத் தூரம் இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் ஆரம்பிப்பவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைச் சொல்வதில்லை. முதலில் உங்கள் காரிடாரையும் புளோக்குக்குக் கீழே உள்ள மரத்தையும் பாருங்கள் என்பேன். ஏன் என்று அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

அக்கா, கறிவேப்பிலைச் செடியைப் புழு மொட்டையடிக்கிறது. என்ன மருந்து அடிப்பது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மருந்து வேண்டாம். அந்தப் புழு பெரும்பாலும் 'காமன் மோர்மன்' என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குட்டி. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்தக் குடும்பத்தின் இலைதான் அதற்குச் சாப்பாடு.

செடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். கொழுந்து இலையில் வெளிர் மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக உருண்டை முட்டை தெரியும். ஒவ்வொன்றாகத்தான் இடும். அதிலிருந்து வரும் புழு முதல் சில நாட்கள் பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். பழுப்பும் வெள்ளையும் கலந்து, மேலே ஈரப் பளபளப்போடு இலை நடுவில் அசையாமல் கிடக்கும். காகமோ மைனாவோ அதைச் சீண்டாது. கடைசியாகத் தோலுரித்ததும் பச்சையாகிவிடும். மார்புப் பக்கம் இரண்டு பெரிய கண் மாதிரிப் புள்ளிகள் வரும். இப்போது அதை லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, பாம்பு நாக்கு போல இரண்டாகப் பிளந்த ஓர் உறுப்பு வெளியே நீளும். கூடவே ஒரு நெடி வரும். சில நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. நம் கையை ஒன்றும் செய்யாது. ஒரு முறை தொட்டுப் பார்த்தது போதும், திரும்பத் திரும்பத் தொட வேண்டாம்.

அப்புறம் ஒருநாள் தண்டில் தன்னை ஒரு பட்டு நூலால் இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் கட்டியிருந்தால் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் கட்டியிருந்தால் பழுப்பாகவும் இருக்கும். பத்து நாள் போல ஆனதும் பொழுது விடிகிற நேரத்தில் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். இறக்கை காயும் வரை தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பெண் பூச்சியில் இன்னொரு அதிசயம் உண்டு. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சில பெண்களின் பின்னிறக்கையில் சிவப்பும் வெள்ளையும் கலந்திருக்கும். அது 'காமன் ரோஸ்' என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேஷம். அந்தப் பூச்சி ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சு வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தொடாது. மோர்மனுக்கு நஞ்சு கிடையாது. வேஷம் மட்டும்தான்.

செடி போய்விடுமே என்றால், இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. மொட்டையான கறிவேப்பிலை வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இதுவரை பார்த்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

எறும்பு வேஷம் போடும் ஒரு சிலந்தி. நீர்நாய், முதலை என்று பதில் எதிர்பார்த்துக் கேட்பவர்கள் முகம் சற்று மாறும். ஆனால் என் பதில் மாறுவதில்லை.

நம் ஊர் மாமரங்களில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இங்கேயும் உண்டு. மலாயில் கெரெங்கா என்பார்கள். கூடு கட்டும்போது ஒரு வரிசை எறும்பு இலை விளிம்புகளைப் பிடித்து இழுக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து அந்தப் புழு விடும் பட்டு நூலால் விளிம்புகளை ஒட்டும். கடித்தால் எரியும். அதனால் பல பூச்சிகளும் பறவைகளும் இந்த எறும்பிடம் வம்பு வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பயத்தைத்தான் இந்தச் சிலந்தி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்து ஓரச் செடிகளில் ஒரு முசுறு மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாக இலை மேல் நடந்தால் உற்றுப் பாருங்கள். நிறம் அதே செம்பழுப்பு. இடுப்பு அதே ஒல்லி. தலைக்கு முன்னால் இரண்டு உணர்கொம்பு ஆடுவது போல் தெரியும். எண்ணினால் அவை தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். மீதி ஆறில் நடக்கிறது. தலையின் பக்கத்தில் இருக்கும் கறும்புள்ளி எறும்பின் கண் போலத் தோன்றும். நிஜக் கண்கள் முன்னால் இருக்கின்றன, இரண்டு பெரிய கண்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கும். எறும்பு அப்படிப் பார்ப்பதில்லை. இலையை லேசாக ஆட்டினால் நூல் விட்டுத் தொங்கி இறங்கிவிடும்.

ஆண் சிலந்தி இன்னும் விசேஷம். அதன் தாடைகள் முன்னால் மிக நீளமாக நீண்டிருக்கும். நுனி பருத்து, அங்கேயும் ஒரு கறும்புள்ளி இருக்கும். மொத்தத்தில் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்தால் அந்தத் தாடைகளை அகல விரித்து, உள்ளே மடக்கி வைத்திருக்கும் நீண்ட நச்சுப் பற்களைக் காட்டி மோதிக்கொள்ளும். இந்தச் சண்டையை ஒருநாள் மழை விட்ட பிறகு பார்த்தேன். விரலகல இலையில் நடந்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு எறும்பு வரிசையைப் பார்க்காமல் தாண்டிப்போக முடிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிலந்தி முசுறுக்குப் பக்கத்தில் வாழ்ந்தாலும் முசுறைக் கண்டால் ஒதுங்கித்தான் போகும். மாட்டிக்கொண்டால் எறும்புகள் விட்டுவைக்காது. வேஷம் வெளியாட்களுக்குத்தான்.

நீர்நாய்களை எங்கே, எப்போது பார்க்கலாம்?

காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்துக்கு மேல். காலாங் ஆற்றங்கரை, பீஷான் அங் மோ கியோ பூங்கா, மரினா நீர்த்தேக்கம், சுங்கை பூலோ. எங்கும் உறுதி கிடையாது, ஏனென்றால் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

1970களில் இங்கே நீர்நாய் இல்லாமலே போய்விட்டது. ஆறுகள் அவ்வளவு கெட்டிருந்தன. ஆறுகளைச் சுத்தம் செய்த பிறகு, 1998-ல் சுங்கை பூலோவில் ஒரு ஜோடி வந்து தங்கியது. பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் ஓடிய கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். அப்புறம் அங்கேயும் நீர்நாய்கள் வந்தன. நம் காவிரியில் இருப்பதும் இதே இனம்தான் என்று சொன்னால் திருச்சிக்காரர்கள் நம்புவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், மூக்கு உதவும். கரையில் ஒரே இடத்தில் மீன் செதிளும் முள்ளும் கலந்த எச்சம் கிடந்து கடுமையான மீன் நெடி அடித்தால் அது அவற்றின் கழிப்பிடம். குடும்பத்தோடு வந்து அங்கேதான் போகும். அது அவற்றின் எல்லைக் குறியும்கூட. அந்த இடத்திலிருந்து தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள்.

நான் மறக்காத காட்சி, குட்டிக்கு நீச்சல் பழக்கியது. குட்டி தண்ணீரைக் கண்டு பின்வாங்கிக் கீச்சிட்டது. தாய் பிடரியைக் கவ்வி இழுத்துத் தண்ணீரில் போட்டது. குட்டி கரையேறியது. மறுபடி இழுத்தது. மற்ற பெரியவை சுற்றி மிதந்து அரண் மாதிரி நின்றன. நீர்நாயோடு பிறந்த திறமை நீச்சல் என்று நினைத்திருந்தவர்களுக்கு அதைப் பார்ப்பது ஒரு பாடம்.

குட்டிகள் இருக்கும்போது கிட்டப் போகாதீர்கள். நாயைக் கயிற்றில் கட்டியே வைத்திருங்கள். பிளாஷ் போடாதீர்கள்.

சன்னலுக்கு இருவாச்சி வந்தது. பப்பாளி வைக்கலாமா?

வைக்காதீர்கள். 2020 முதல் காட்டு விலங்கு எதற்கும் உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. அபராதத்தை விடுங்கள், சன்னலில் பழம் கிடைக்கும் என்று பழகிய பறவை அடுத்த வீட்டுச் சன்னலையும் தட்டும். அந்த வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் கஷ்டப்படப்போவது பறவை. குரங்கு விஷயத்திலும் இதுதான் நடக்கிறது.

வந்த பறவையை உட்கார்ந்து ரசியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவிலிருந்து மறைந்த பறவை அது. 1994-ல் புலாவ் உபின் தீவில் ஒரு ஜோடி தென்பட்டது. பொந்துள்ள பெரிய மரங்கள் குறைவு என்பதால் 2004 முதல் செயற்கைக் கூண்டுகளை வைத்து உதவினார்கள். இன்று சாங்கியில் கோப்பிக்கடைக்கு மேலேயே பறக்கிறது.

கூடு கட்டும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண் பொந்துக்குள் போய் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்து ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் அந்தக் கீறல் வழியாக ஊட்டும். நேரில் பார்க்கும்போது வியப்பு வேறு இடத்தில் வருகிறது. ஆணின் அலகில் ஒரு பழம்தான் தெரியும். அதைக் கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டும், தொண்டையிலிருந்து இன்னொரு அத்திப்பழம் அலகு நுனிக்கு வரும். அதைக் கொடுத்ததும் இன்னொன்று. எங்கே இத்தனை வைத்திருந்தது என்று தோன்றும். நடுவே ஒரு பல்லியும் வரும். சுமார் மூன்று மாதம் இந்தச் சேவை நடக்கும். ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவற்றின் பாடு திண்டாட்டம். கூட்டுக்கு அடியில் கூட்டம் போட வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். ஆள் நின்றால் ஆண் பறவை தூர மரத்தில் உட்கார்ந்துகொண்டு வராது.

விடியும் முன்னே கத்தும் குயிலை யாரும் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியாது, செய்யவும் கூடாது. ஒரு காலத்தில் குயில் இங்கே வலசை வரும் பறவையாகத்தான் இருந்தது. 1980களில்தான் நிலையாகத் தங்கிக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தது. காரணம், காகம். காகமும் இந்த ஊர்ப் பறவை கிடையாது. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் துறைமுகப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். காகம் பெருகியது, அதன் கூட்டைத் தேடிக் குயில் தங்கியது. தோட்ட வேலைக்கு வந்த நம் பெரியவர்களின் காலமும் அதுதான்.

கத்துவது கறுப்பான ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண்ணைப் பார்ப்பது கஷ்டம். காகம் ஒரு குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டால் அந்தச் சத்தத்தின் மேல் கோபம் குறையும்.

'பறக்கும் லெமூர்' என்கிறார்களே, அது என்ன?

கொலுகோ. லெமூர் இனமும் இல்லை, பறக்கவும் பறக்காது. கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனி வரை ஒரே தோல் விரிப்பு. மரத்துக்கு மரம் நூறு மீட்டருக்கு மேல்கூடச் சறுக்கிப் போகும். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் குரங்கு, மனிதன் அடங்கிய வகைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது.

பகலில் மரத்தண்டோடு ஒட்டித் தூங்கும். சாம்பலும் வெள்ளையும் கலந்து மரப்பட்டையும் பாசியுமாகவே தெரியும். டெய்ரி ஃபார்ம் பூங்கா, புக்கித் தீமா பக்கம் பாதையோரத் தண்டுகளைக் கண் உயரத்திலிருந்து மேலே மெதுவாகப் பாருங்கள். எங்காவது பட்டை கொஞ்சம் புடைத்திருந்தால் நில்லுங்கள். தாயாக இருந்தால் அந்தத் தோல் மடிப்பின் ஓரத்தில் ஈரமான பெரிய கண்களோடு ஒரு சின்ன முகம் எட்டிப் பார்க்கும். தாய் வாலை மடக்கித் தொட்டிலாக்கிக் குட்டியை அதில் வைத்திருக்கும். குட்டி இருக்கிறதே என்று சறுக்குவதை நிறுத்தாது, சுமந்துகொண்டே தாவும்.

சாக்கடையில் மலைப்பாம்பு. போலீஸுக்குச் சொல்லவா?

தேசியப் பூங்காக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், அதுவும் பாம்பு ஆட்கள் நடமாடும் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும். சாக்கடையில் போகிற பாம்பு போகட்டும். எலிகளைத் தின்பது அதுதான்.

தோட்டத்தில் தலை சிவந்த ஓணான் இருக்கிறது. நம் ஊர் ஓணானா?

அதே வகைதான். இங்கே 1980களில் வடக்கிலிருந்து வந்து பரவியது. அதற்கு முன் தோட்டங்களில் இருந்தது முழுப் பச்சையான வேறோர் ஓணான். அது இப்போது பெரும்பாலும் காட்டோரத்துக்கு ஒதுங்கிவிட்டது. பச்சை ஓணானைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் நிஜமாகவே வந்து பார்ப்பேன்.

விளக்கு வெளிச்சத்துக்குக் கையகலப் பழுப்புப் பூச்சிகள் வந்தன. இறந்தவர்கள் வருகிறார்கள் என்று பாட்டி சொல்கிறார்.

பாட்டியின் பேச்சை மறுக்க வேண்டாம். பூச்சியை அடிக்காமல் விடுவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. வெள்ளைக் கோடு ஓடும், வால் வைத்த அந்தப் பூச்சி லிஸ்ஸா ஸாம்பா. வருடத்தின் நடுவில் தென்படும். 2014-ல் புளோக்குகளின் சுவர்களிலும் எம்ஆர்டி ரயில் நிலையங்களிலும் கூட்டம் கூட்டமாக வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைவிடப் பெரிதாக, இறக்கை நுனியில் பாம்புத் தலை வரைந்தது போல இருந்தால் அது அட்லஸ் பூச்சி. வளர்ந்த அட்லஸ் எதுவும் சாப்பிடாது. புழுவாக இருந்தபோது சேர்த்த சத்தில் ஓரிரு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முடிந்துவிடும். அதைப் பெட்டியில் போட்டு வைத்து அந்த ஓரிரு வாரத்தையும் பறிக்காதீர்கள்.

ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்?

புலாவ் உபின். சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் செக் ஜாவாவில் நட்சத்திர மீன், கம்பளம் போல விரியும் கடல் சாமந்தி எல்லாம் பார்க்கலாம். 2001-ல் அந்தக் கடற்கரையை மண் கொட்டி நிரப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தன்னார்வலர்கள் ஓடிப்போய் அங்குள்ள உயிர்களைப் பதிவு செய்தார்கள். அந்த வருடக் கடைசியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இனி இல்லை என்று நினைத்திருந்த பெரிய சருகுமானை 2008-ல் இதே தீவில் மறுபடி கண்டார்கள். காதின் அடியில் வெள்ளைத் திட்டும் சாம்பல் காலும் உள்ள சேவல் ஓடினால் அது அசல் காட்டுக்கோழி.

என்ன கருவி வாங்க வேண்டும்?

எட்டு மடங்கு காட்டும் தொலைநோக்கி, ஒரு நோட்டு. கேமரா பிறகு பார்க்கலாம்.

இன்னும் பார்க்க ஆசைப்படுவது?

அழுங்கு. புக்கித் தீமா விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க 2013-ல் கட்டிய காட்டுப் பாலத்தில் கேமராக்களில் அது பதிவாகியிருக்கிறது. இரவில் தனியாக, எறும்பும் கறையானும் தேடி நடக்கும். இங்கே அதற்கு எமன் கார்கள்தான். மண்டாய்ப் பக்கம் இரவில் ஓட்டுபவர்கள் வேகத்தைக் குறையுங்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? இடத்தைச் சொல்லலாமா?

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள். நாள், நேரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மைனா, ஓணான் என்று தினமும் பார்ப்பவற்றையும் போடுங்கள். எது எப்போது குறைந்தது என்று பின்னால் தெரிவது அப்படித்தான்.

அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள் பலவற்றின் சரியான இடத்தை அந்தச் செயலியே மறைத்துவிடும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னான் என்ற பறவை ஒன்று உபினில் பாடும். அந்தக் குரலுக்காகவே கூண்டில் அடைக்கப் பிடித்துப் பிடித்து இந்த வட்டாரம் முழுக்க அதைத் தீர்த்துவிட்டார்கள். உலகத்தில் அது நன்றாக மிச்சமிருக்கும் இடங்களில் சிங்கப்பூர் முக்கியமானது. அதன் கூட்டைக் கண்டால் படம் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள். யாராவது எந்த மரம் என்று கேட்டால் உபின் என்று மட்டும் சொல்லுங்கள்.